பீச் விறகில் வாட்டிய விரலளவுச் சாசேஜ்: நியூரம்பெர்க்கின் ‘ட்சும் குல்டன் ஷ்டெர்ன்’

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துச் சாசேஜை அதற்குரிய முறையில் சாப்பிட விரும்புவோருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் உணவகம், அந்நகரின் பழைய பகுதியில் ட்சிர்கல்ஷ்மீட்ஸ்காஸே என்னும் ஒடுங்கிய தெருவில் இருக்கும் ‘ட்சும் குல்டன் ஷ்டெர்ன்’ ஆகும். வைசர் டுர்ம் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால், மரச்சட்டங்கள் வெளியே தெரியக் கட்டப்பட்ட அந்தப் பழைய வீட்டை அடைந்துவிடலாம். 1419ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் இவ்வுணவகம், உலகின் மிகப் பழைய சாசேஜ் சமையலறை தானே என்று உரிமை கோருகிறது. டான்யூப் ஆற்றங்கரையில், ரேகன்ஸ்பர்க் நகரின் கல்பாலத்தின் அருகே இருக்கும் ‘வுர்ஸ்ட்குஹ்ல்’ என்ற சிறு உணவகமும் பழைமையில் தனக்கே முதலிடம் என்கிறது. அந்த வழக்கைத் தீர்ப்பது சாப்பிடப் போகிறவரின் வேலை அன்று. 1945 ஜனவரி 2ஆம் நாள் இரவுக் குண்டுவீச்சில் பழைய நகரின் பெரும்பகுதி தரைமட்டமான பிறகும் எஞ்சி நின்ற ஒரு சில வீடுகளில் இதுவும் ஒன்று என்பதும், அதற்குள் இன்றும் விறகு எரிகிறது என்பதுமே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

இனி சாசேஜைப் பற்றி. 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளம், 20 முதல் 25 கிராம் எடை: ஏறக்குறைய ஆட்காட்டி விரல் அளவுதான். 2003ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு இதற்கு உண்டு. நியூரம்பெர்க் நகர எல்லைக்குள், வரையறுக்கப்பட்ட செய்முறைப்படி செய்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். நடுத்தரக் கொரகொரப்பாக அரைத்த பன்றி இறைச்சியை, நிறம் காக்கும் உப்பு எதுவும் சேர்க்காமல், செம்மறி ஆட்டின் மெல்லிய குடலுறையில் நிரப்புகிறார்கள். வாசனைக்கு முதன்மையானது மார்ஜோரம் இலை. நம் ஊர்ப் பூக்கடைகளில் மரு என்று கதம்பத்தில் சேர்த்துக் கட்டுகிறார்களே, அதே செடிதான் இங்கே இறைச்சிக்கு மணம் தருகிறது. தட்டு மேசைக்கு வந்ததும் முதலில் மூக்கை எட்டுவது அந்த மணமே.

அளவு ஏன் இவ்வளவு சிறியது என்பதற்கு அந்நகரில் கதைகள் பல உண்டு. இரவில் நகர வாயில்கள் மூடிய பின் சாவித்துளை வழியாகச் சாசேஜை விற்றார்கள் என்றும், சிறையில் இருந்தவர்களுக்கு அப்படியே கொடுத்தார்கள் என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். இறைச்சியின் விலை ஏறிய காலத்தில் தரத்தைக் குறைக்க நகர மன்றம் இடம் தராததால் கசாப்புக்காரர்கள் அளவைக் குறைத்துக்கொண்டார்கள் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஏனெனில், சாசேஜில் எந்த இறைச்சி சேர வேண்டும் என்று விதிப்பதில் அம்மன்றம் 1313ஆம் ஆண்டிலேயே அக்கறை காட்டியதற்கு ஆவணம் உள்ளது. வெனிஸிலிருந்து வடக்கே வரும் வணிகப் பாதைகள் கூடும் நகரமாக இருந்ததால், மிளகு முதலிய கீழைநாட்டு மசாலாக்கள் அங்குள்ள கசாப்புக்காரர்களுக்கு மற்ற ஊர்களைவிட எளிதாகக் கிடைத்தன. காரணம் எதுவாயினும், அந்தச் சிறுமையால்தான் இந்தச் சாசேஜுக்குத் தனிச் சுவை. ஜெர்மனியின் மற்றொரு வட்டாரமான துரிங்கியாவின், குறைந்தது 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சாசேஜ் சாறு நிறைந்தது, அதன் பெருமை வேறு. நியூரம்பெர்க் சாசேஜிலோ, உள்ளிருக்கும் இறைச்சியின் அளவோடு ஒப்பிட்டால் வாட்டப்படும் தோலின் பரப்பு மிக அதிகம். அதனால் ஒவ்வொரு கடியிலும் முறுகலும் புகை மணமும் முதலில் வருகின்றன. இறைச்சியின் மென்மை அதன் பின்னரே வாய்க்குத் தெரிகிறது.

இவ்வளவு மெல்லிய உறையும் சிறிய உருவமும் கொண்ட பொருளுக்கு நெருப்புதான் எல்லாம். இவ்வுணவகத்தில் கம்பி வலையின் கீழே பீச் (beech) என்னும் ஐரோப்பியக் காட்டு மரத்தின் விறகு எரிகிறது. பீச் மரத்தில் பிசின் மிகக் குறைவு என்பதால் அதன் புகை கரிக்காது, கசக்காது. தழலும் நெடுநேரம் சீராக நிற்கும். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பும் இடத்திலிருந்து சாசேஜ்களை இடுக்கியால் அடுத்த பக்கம் நகர்த்தி, மீண்டும் திருப்பி, நிறம் பார்த்து எடுக்கும் அந்த வேலையை இடைவிடாத கவனத்தோடு செய்கிறார்கள். கவனம் சற்றுத் தவறினாலும் தோல் வெடித்துச் சாறு முழுவதும் தழலில் போய்விடும். என் தட்டுக்கு வந்தவற்றில் நிறம் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் கம்பியின் கருங்கோடுகள் அழுத்தமாகவும் சிலவற்றில் மங்கலாகவும் இருந்தன. கையால் வாட்டியதற்கு அதுவே அடையாளம் என்பதால் அதை நான் நிறையாகவே கொள்கிறேன்.

இதே நகரில் வேறொரு கடையில் (அதன் பெயர் வேண்டாம்) எரிவாயுவில் சூடேறும் தட்டையான இரும்புத் தகட்டில் முன்கூட்டியே சிவக்க வைத்து, கேட்பவருக்கு மறுபடி சூடாக்கித் தந்ததையும் சாப்பிட்டிருக்கிறேன். இறைச்சியில் குறை சொல்ல முடியாது. ஆனால் தோல் ரப்பர்போல இழுபட்டது, புகை மணம் அறவே இல்லை. புவிசார் குறியீடு சாசேஜின் செய்முறைக்குத்தான் காவல், அடுப்புக்கு இல்லை. ஆகவே எந்த உணவகத்துக்குள் போனாலும் விறகு எரிகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். செபால்டுஸ் தேவாலயத்தை ஒட்டி இருக்கும் ‘பிராட்வுர்ஸ்ட்ஹாய்ஸ்லே’யிலும் பீச் விறகுதான், நகர மண்டபத்தைப் பார்க்க வருவோருக்கு அதுவே பக்கம். அங்கே எப்போதும் கூட்டம் மிகுதி என்பதால், அமைதியாகப் பேசிச் சாப்பிட விரும்புவோருக்கு நான் குல்டன் ஷ்டெர்னையே சொல்வேன்.

சாசேஜை ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்ற எண்ணிக்கையில் கேட்க வேண்டும். நகர வழக்கப்படி வெள்ளீயத் தட்டில் வைத்துத் தருகிறார்கள். துணைக்கு மூன்று பொருள்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். முதலாவது, உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைகோஸை மெல்ல வேகவைத்த சவுர்க்ராவ்ட். அதன் மிதமான புளிப்பு கொழுப்பின் கனத்தைச் சரியாகத் தணிப்பதால் என் முதல் தேர்வு அதுதான். இரண்டாவது, உருளைக்கிழங்கு சாலட். மயோனைஸ் சேர்த்துக் குழைத்ததை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நியூரம்பெர்க் அமைந்திருக்கும் ஃபிராங்கோனியா வட்டாரத்தில் வெந்த கிழங்கு சூடாக இருக்கும்போதே வெட்டி, இறைச்சி வடிசாறும் வினிகரும் ஊற்றி ஊற வைப்பார்கள். மூன்றாவது, கிரேன் என்று அவர்கள் அழைக்கும் ஹார்ஸ்ராடிஷ் வேரின் துருவல். நியூரம்பெர்க்குக்கு வடக்கே இருக்கும் பையர்ஸ்டார்ஃப் என்ற சிற்றூர் அந்த வேருக்குப் பேர்போனது. காரம் நாக்கில் தங்காமல் நேரே மூக்கில் ஏறிச் சில நொடிகளில் இறங்கிவிடும். மிளகாய்க்குப் பழகியவர்கள்கூட முதலில் சிறிதளவே எடுத்துக்கொள்வது நல்லது.

பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு பண்டம் ‘சவுரே ட்சிப்ஃபல்’. அதே சாசேஜை நெருப்பில் வாட்டாமல், வெங்காயம், வினிகர், வெள்ளை ஒயின் சேர்ந்த சாற்றில் வேகவைத்து, அந்தச் சாற்றோடும் வெங்காயத்தோடும் கிண்ணத்தில் தருவது இது. பார்க்க வெளிறி, சற்று நீலம் பாய்ந்ததுபோல் இருப்பதால் புதியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். மார்ஜோரத்தின் மணம் வாட்டிய சாசேஜைவிட இதில்தான் தெளிவாக வெளிப்படுகிறது என்பேன். ஃபிராங்கோனிய வீடுகளில் விருந்தினர் வரும்போது அடிக்கடி செய்யப்படும் பண்டமும் இதுதான்; பெரிய பாத்திரத்தை மேசை நடுவில் வைத்து, ரொட்டியைச் சாற்றில் தோய்த்துத் தோய்த்து எல்லாரும் சாப்பிடுவார்கள்.

அந்நாட்டில் இருப்பவர்கள் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கசாப்புக் கடையில் வேகவைக்காத பச்சைச் சாசேஜாகக் கேட்டு வாங்க வேண்டும். அங்காடிகளில் உறையிட்டு விற்கப்படுபவை பெரும்பாலும் முன்பே வெந்நீரில் வெந்தவை, அவை சாற்றின் சுவையை ஏற்பதில்லை. வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக நறுக்கி, தண்ணீர், வினிகர், வெள்ளை ஒயின், பிரிஞ்சி இலை, முழு மிளகு, ஜூனிப்பர் காய், இரண்டொரு கிராம்பு, உப்பு, துளி சர்க்கரை ஆகியவற்றோடு வெங்காயம் குழையும்வரை கொதிக்கவிடுங்கள். பிறகு தீயைத் தணித்து, கொதி முழுவதும் அடங்கியபின் சாசேஜ்களை இட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வைத்தால் போதும். சாறு மீண்டும் கொதித்தால் மெல்லிய உறை பிளந்துவிடும். நண்பர்களை அழைத்துப் பரிமாற இதைவிட எளிய ஃபிராங்கோனிய உணவு எனக்குத் தெரியாது.

உணவகத்துக்குத் திரும்பினால், சொல்ல வேண்டிய குறைகளும் உண்டு. பழைய வீடாதலால் அறைகள் சிறியவை, மேசைகள் நெருக்கமானவை. உடைகளில் புகை மணம் ஏறாமல் வெளியே வர முடியாது. வார இறுதி மாலைகளில் முன்பதிவு செய்யாமல் போவது வீண். சாசேஜ் முழுவதும் பன்றி இறைச்சி என்பதால் அதைத் தவிர்ப்பவர்களுக்கு இங்கே அதிகம் எதுவும் இல்லை. சைவ உணவினர், சவுர்க்ராவ்டைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும் கிழங்கு சாலடில் இறைச்சிச் சாறு சேர்ப்பதும் அந்நாட்டு வழக்கம் என்பதை நினைவில் வைத்து, கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எதையும் வாங்க வேண்டும். நேரமில்லாதவர்களுக்கு, தெருக்கடைகளில் வட்ட ரொட்டிக்குள் மூன்று சாசேஜ்களை அடுக்கிக் கடுகுப் பசை தடவித் தரும் ‘டிரை இம் வெக்லா’ போதுமானது. பசி அடங்கும், விலையும் குறைவு.

நால்வராகச் செல்பவர்கள் ஆளுக்கொரு தட்டு வாங்காமல் பன்னிரண்டு சாசேஜ் கொண்ட தட்டுகள் இரண்டைக் கேட்டு, ஒன்றுக்குச் சவுர்க்ராவ்டும் மற்றொன்றுக்குக் கிழங்கு சாலடும் துணையாக வைத்து, நடுவில் ஒரு கிண்ணம் சவுரே ட்சிப்ஃபலையும் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டு தட்டுகளையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். முதல் தட்டு காலியாகும் தறுவாயில் அடுத்ததைச் சொன்னால் இரண்டாவதும் நெருப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு வந்து சேரும்.