சிவப்புக் கூண்டு: நின்ற இடத்திலா, பட்டறையிலா?

பிரிட்டனின் கிராமத்து முச்சந்திகளில் நிற்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளில் பெரும்பாலானவை கே6 (கியாஸ்க், அதாவது கூண்டு, எண் 6) வகை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி, 1935-இல் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. சுமார் 60,000 கூண்டுகள் வார்க்கப்பட்டன. பயன்பாட்டில் இல்லாதவற்றை ஊராட்சி மன்றங்கள் ஒரு பவுண்டுக்கு வாங்கி, நூலகமாகவோ மாரடைப்பு முதலுதவிக் கருவி வைக்கும் இடமாகவோ மாற்றிக்கொள்கின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். வாங்கிய மறுநாளே கேள்வி வந்துவிடும்: நின்ற இடத்திலேயே சீரமைப்பதா, கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவதா?

பலரும் பெயின்டைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது இணைப்புகளை. கூண்டு ஒரே வார்ப்பு அல்ல. தனித்தனியாக வார்த்த பக்கங்களையும் கூரையையும் அடிப்பாகத்தையும் போல்ட் போட்டு முடுக்கியது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இணைப்புக்குள் துரு ஏறினால் இரண்டு பலகங்களையும் ஆப்பு வைத்ததுபோல் பிளந்து தள்ளும். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். அடிமூலை இணைப்பில் ஒரு மெல்லிய கத்தியை நுழைத்துப் பாருங்கள். முனை உள்ளே போய், செதில் செதிலாகப் பழுப்புத் துரு உதிர்ந்தால் பட்டறைதான் வழி. வெளியே எத்தனை பூச்சு பூசினாலும் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

கத்தி நுழையவில்லை என்றால் நான் கூண்டை அசைக்கவே மாட்டேன். முக்கால் டன் எடையைக் கிரேனில் தூக்கும்போது எங்கே விரிசல் விடும் என்று சொல்ல முடியாது. பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்ட கூண்டு என்றால் இடம்பெயர்க்க அனுமதியும் வாங்க வேண்டும். (லண்டனில் அதிகம் காணப்படும் 1926-இன் கே2 இன்னும் கனம், ஒன்றேகால் டன்.)

பெயின்டை நீக்குவதில் பட்டறைக்கே வெற்றி. மணல் வீச்சு முறையில் துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சினால், கூரைக்குக் கீழே புடைப்பாக வார்த்த அரச கிரீடச் சின்னத்தில் பூச்சு மேல் பூச்சாக மழுங்கிப் போயிருந்த முத்துகள் ஒவ்வொன்றாகத் தனித்து எழும்பும். அதைப் பார்ப்பதற்காகவே செலவழிக்கலாம். ஆனால் அம்மணமான இரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். அன்றே பிரைமர் (அடிப்பூச்சு) பூசியாக வேண்டும். தேக்குச் சட்டம் போட்ட கதவை மட்டும் கழற்றித் தனியாக வைத்துவிட வேண்டும். மணல் பட்டால் மரத்தின் மென்பகுதி அரிக்கப்பட்டு, வரிகள் புடைத்துக்கொண்டு நிற்கும்.

நின்ற இடத்தில் செய்பவர்களுக்கு இரசாயனக் களிம்பும் சுரண்டியும்தான். வேலை மெதுவாக நடக்கும், கிரீடத்தின் இடுக்குகளில் பொறுமை போய்விடும். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எனவே உலர்ந்த உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். ஈரமாகவே தேய்க்க வேண்டும். காரத்தன்மையுள்ள களிம்பு தேக்கைக் கறுக்கடிக்கும். சிலர் அவசரத்துக்குக் காஸ் தீயை நீட்டுகிறார்கள். ஈயப் புகை ஒரு பக்கம், ஓரிடத்தில் மட்டும் சூடேறி வார்ப்பு வெடிக்கும் ஆபத்து மறுபக்கம்.

விரிசலுக்கு மூன்று வழிகள் உண்டு. பற்றவைப்பதென்றால் நிக்கல் கம்பியோடு, பலகத்தை முன்கூட்டியே சூடேற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பற்றவைத்த கோட்டுக்கு அருகிலேயே புதிதாக விரியும். உலோகத் தையலுக்குச் சூடே தேவையில்லை: விரிசலுக்குக் குறுக்கே துளையிட்டு உலோகப் பூட்டுகளை இறுக்குவார்கள். கைதேர்ந்தவர் கிடைத்தால், நின்ற இடத்தில் செய்யும் வேலைக்கு இதுவே என் தேர்வு. மூன்றாவது, புதிய பலகம் வார்ப்பது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். பழைய பலகத்தையே அச்சுக்கு மாதிரியாக வைத்தால், இரண்டு மீட்டர் நீளத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைந்த பலகம் வந்து நிற்கும், போல்ட் துளைகள் எதுவும் பொருந்தாது. சுருக்கத்தைக் கணக்கிட்டு மாதிரியைப் பெரிதாகச் செய்யத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தகடு கல்லெறியைத் தாங்கும், ஆனால் கீறல் விழுந்து மங்கிவிடும். கடினமாக்கிய கண்ணாடியே நல்லது.

கடைசியாக நிறம். பிரிட்டிஷ் தரப் பட்டியலில் இன்று பெரும்பாலும் பூசப்படும் 539-ஆம் எண் சிவப்பு, 1968-இல் பிந்தைய வகையான கே8 கூண்டோடு வந்தது. கே6-க்கு உரியது சற்று அடங்கிய 538. எந்த வழியில் போனாலும் அந்த எண்ணை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பூசி முடித்தபின் மாற்றச் சொன்னால் இன்னொரு பூச்சுக்கும் கூலி கேட்பார்கள்.