ஏற்காடா, கொல்லிமலையா? இரண்டு ராத்திரி காட்டேஜ் எடுக்கிறவர்களுக்கு

போன வருடம் வரை எங்கள் வீட்டில் மலை என்றால் ஏற்காடுதான், மூன்று முறை போயிருக்கிறோம். இந்தத் தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஒரு காட்டேஜ் எடுத்து இரண்டு ராத்திரி தங்கினோம். இனி என் ஓட்டு கொல்லிமலைக்குத்தான். முதலிலேயே சொல்லிவிட்டேன், கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பாதையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு 70. என் சின்ன மகள் நாற்பதைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, வளைவு குறைவு, இறங்கும்போது அதில்தான் வந்தோம். குளிர் வேண்டும் என்றால் ஏற்காடு, அது 1500 மீட்டர் உயரம். கொல்லிமலை அதைவிடத் தாழ்வு, ஆனாலும் தை மாத விடியலில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியவில்லை. கடை, ஓட்டல், அவசரத்துக்கு ஒரு மருந்துக்கடை என்று பார்த்தால் ஏற்காடு பல மடங்கு வசதி.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது வேறு விஷயம்: காட்டேஜ் வாசலைத் தாண்டினால் நடந்தே போய் என்ன பார்க்கலாம்?

ஏற்காட்டில் நாங்கள் தங்கியதெல்லாம் டவுனுக்கு வெளியே காபித் தோட்டத்துக்குள். இடம் அருமை, ஆனால் பிள்ளைகள் கேட்பதெல்லாம் வேறு திசையில். ஏரியில் படகுக்கு ஒரு பக்கம், லேடீஸ் சீட்டுக்கு ஒரு பக்கம், பகோடா பாயின்ட்டுக்கு, சேர்வராயன் கோயிலுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் காரை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும். காட்டேஜுக்கு அவ்வளவு காசு கொடுத்துவிட்டு அதில் தூங்க மட்டும் வருகிறோமே என்று மூன்றாவது முறை எனக்கு உறைத்தது.

கொல்லிமலையில் முதல் நாள் போய் நிறுத்திய காரை மறுநாள் முழுக்கத் தொடவில்லை. காலையில் பத்து நிமிட நடையில் அறப்பளீஸ்வரர் கோயில். பக்கத்து ஓடையில் மீன்களுக்குப் பொரி போடலாம். அறுத்த மீனைப் பொருத்தி உயிர் கொடுத்தவர் இந்தச் சாமி என்பார்கள், அதனால் யாரும் பிடிப்பதில்லை. கோயிலுக்கு எதிரிலேயே ஆகாய கங்கைக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேலே. முட்டிவலிக்கார அத்தை, "நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, நான் மீனுக்குப் பொரி போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இறங்குவது விளையாட்டு மாதிரி இருக்கும், ஏறும்போதுதான் கெண்டைக்கால் கணக்குக் கேட்கும். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கீழே அய்யாறு முந்நூறு அடி உயரத்தில் இருந்து விழுகிறது, கிட்டே போகும் முன்னாலேயே சாரலில் நனைந்துவிடுவோம். காலையிலேயே இறங்கிவிடுங்கள், வெயில் ஏறிய பிறகு அந்தப் படிகளில் ஏறுவது கொடுமை.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் சூப். ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும் கிழங்கு, மூட்டுக்கு நல்லது என்று விற்கிறார்கள். ஒரு படி கூட இறங்காத அத்தைதான் இரண்டு டம்ளர் குடித்தார்கள்.

சாயங்காலம் சும்மா ஊருக்குள் நடந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, வீட்டு வாசல்களில் காபிக் கொட்டையும் மிளகும் காய்கின்றன. ராத்திரிக்குக் காட்டேஜ் சமையல்காரரிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்ததால் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைத்தது. டிவி ஓடாத குறையைப் பிள்ளைகள் மறந்தே போனார்கள்.

இதெல்லாம் கோயில் பக்கம் தங்கினால்தான். மலைமேல் பெரிய ஊரான செம்மேட்டில் எடுத்தால் வல்வில் ஓரி சிலை பக்கத்தில் இருக்கும் (ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்த ஓரி என்றதும் என் மகன் சிலையை விட்டு நகரவில்லை), ஆனால் அருவிக்குக் கார் வேண்டும். மாசிலா அருவி, எட்டுக்கை அம்மன் கோயில், சீக்குப்பாறை வியூ பாயின்ட் மூன்றுக்கும் நாங்களும் கிளம்பும் நாளில் காரில்தான் சுற்றினோம். சித்திரை வெயிலிலோ ஐப்பசி மழையிலோ நான் அங்கே தங்கியதில்லை. வெள்ளம் வந்தால் அருவிக்கு விட மாட்டார்கள், அதனால் மழை மாதங்களில் போகிறவர்கள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தாலோ, மே மாத மலர்க் கண்காட்சிதான் வேண்டும் என்றாலோ, ஏற்காட்டுக்கே போங்கள்.

மிளகு வாங்கினால் கடித்துப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் வாங்கி வந்த ஒரு கிலோ சரியாகக் காயாமல், மொட்டை மாடியில் மூன்று நாள் கிடந்தது.