தம்பியின் மஜ்ஜையா, அப்பாவின் செல்லா? தலசீமியா குழந்தைக்கு எது நல்லது

தலசீமியா என்பது உடம்பால் ஹீமோகுளோபினைச் சரியாக உருவாக்க முடியாத பரம்பரை ரத்தக் கோளாறு. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா குழந்தையின் வீட்டில், டாக்டர் "பி.எம்.டி. (எலும்பு மஜ்ஜை மாற்று) பண்ணலாம்" என்று சொன்னதும் அடுத்து வருகிற கேள்வி, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்பதுதான். எங்கள் ரத்ததானக் குழு வழியாக இந்தக் குடும்பங்களோடு அடிக்கடி பேசுகிறேன். ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை யாரிடமிருந்து எடுப்பது, எப்படி எடுப்பது என்ற இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தனித்தனியாகப் பார்ப்போம்.

யாரிடமிருந்து?

தலசீமியாவுக்கு முதல் இடம் முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்புக்குத்தான். பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி என்று வருவதால், ஒரு தம்பியோ தங்கையோ முழுதாகப் பொருந்த 4ல் 1 வாய்ப்பு. இரண்டு பேர் இருந்தால் ஒருவராவது பொருந்த ஏறக்குறைய 44 சதவீதம். ரத்த குரூப் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. தலசீமியா மைனர் உள்ள, அதாவது பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் குழந்தைகூடக் கொடுக்கலாம். இது தெரியாமல், "அவனுக்கும் கொஞ்சம் இருக்காமே" என்று டெஸ்டே எடுக்காமல் விட்ட வீடுகள் உண்டு. சிறு வயதில், ரத்தம் ஏற்றி ஏற்றி உடம்பில் சேரும் இரும்பு கல்லீரலைக் கெடுக்கும் முன்பே செய்தால், 10 குழந்தைகளில் 8, 9 பேர் ரத்தம் ஏற்றும் தேவையிலிருந்து விடுபடுகிறார்கள்.

அப்பா, அம்மா பெரும்பாலும் பாதிப் பொருத்தம்தான். மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாளில் எதிர்ப்புச் செல்களை அடக்கும் சைக்ளோபாஸ்பமைட் என்ற மருந்தைக் கொடுக்கும் முறை வந்தபிறகு இந்த வழி நிறையவே முன்னேறியிருக்கிறது. ரத்தப் புற்றுநோயில் நல்ல பலனும் தருகிறது. ஆனால் தலசீமியாவில் பல வருடம் ரத்தம் ஏற்றிய உடம்பு, பாதிப் பொருத்தச் செல்லை எளிதில் ஏற்காது. ஒட்டாமல் போகும் ஆபத்து கூடுதல். இதற்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு: கொடுப்பவர் விவரம் புரிந்து, தானே சம்மதிக்கிற பெரியவர். அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. இன்னொன்று, மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டிய குடும்பங்களில் பெற்றோரில் ஒருவரே முழுப் பொருத்தமாக அமைவதும் உண்டு. அதனால் பெற்றோருக்கும் சேர்த்தே டெஸ்ட் எடுங்கள். அப்புறம், மாற்றுக்கு முன்னால் குடும்பத்தார் யாரும் அந்தக் குழந்தைக்கு ரத்தம் கொடுக்காதீர்கள். அந்தச் செல்லை அடையாளம் கண்டு எதிர்க்க உடம்பு பழகிவிடும்.

வெளியாள் கொடையாளர் வேண்டுமென்றால், சென்னையில் 2009ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் தேடுவார்கள். அகப்பட்டால் நல்லது. நம் மக்களின் பன்மைக்கு, பதிந்தவர்கள் இன்னும் குறைவு.

தொப்புள்கொடி ரத்தம்? அம்மா இப்போது கர்ப்பமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். பிறக்கும் குழந்தை பொருந்தினால், அதன் உடம்பில் ஊசி படாமலே செல் கிடைத்துவிடும். 1988ல் பாரிஸில் முதன்முதலாகச் செய்யப்பட்டதே தங்கையின் கொடி ரத்தத்தை அண்ணனுக்குக் கொடுத்த மாற்றுதான். ஆனால் தலசீமியா குழந்தையின் சொந்தக் கொடி ரத்தம் அந்தக் குழந்தைக்கே உதவாது. அதே பழுதான மரபணுதான் அதிலும் இருக்கிறது. இதை விளக்காமல், கொடி ரத்தத்தைச் சேமித்துவைக்கிறோம் என்று பணம் வாங்குவது அநியாயம்.

இடுப்பெலும்பிலிருந்தா, மெஷின் வழியாகவா?

செல்லை மயக்கத்தில் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கலாம், அல்லது ரத்தத்தை மெஷின் வழியாக ஓடவிட்டுப் பிரித்தெடுக்கலாம். இங்கேதான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். "மயக்க ஊசி வேண்டாம், ரத்தத்திலேயே எடுத்துடுங்க" என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது எளிதல்ல. ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்க நாலைந்து நாள் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி, அதனால் எலும்பு வலி, தலைவலி. மெஷினுக்கு ரத்தம் வேகமாக ஓட வேண்டும், சின்னக் கையின் நரம்பு தாங்காது. அதனால் கழுத்திலோ தொடையிலோ பெரிய நரம்பில் குழாய் போடுவார்கள். அதற்கே பல சமயம் மயக்கம் தேவை. எடை மிகக் குறைவென்றால் மெஷினை முதலில் வேறொருவர் ரத்தத்தால் நிரப்ப வேண்டிவரும்.

இடுப்பெலும்பு முறையில் குழந்தையை மயக்கத்தில் குப்புறப் படுக்கவைத்து, பின்னிடுப்பின் இரு பக்கமும் ஊசியால் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரம். தையல் இல்லை, இரண்டு பக்கமும் பிளாஸ்திரி மட்டும். சில நாள் இடுப்பு வலிக்கும். கொடுக்கும் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிதான் உச்சவரம்பு. 15 கிலோ குழந்தைக்கு 300 மில்லி. அந்தக் குழந்தையின் மொத்த ரத்தத்தில் இது கால் பங்கு என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. வாங்கும் அண்ணன் 35 கிலோ, கொடுக்கும் தங்கை 10 கிலோ என்றால், அவள் இன்னும் வளரட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேளுங்கள். தலசீமியாவில் சில மாதம் காத்திருப்பது பெரும்பாலும் முடிகிற காரியம்.

வாங்கும் குழந்தைக்கும் மஜ்ஜைதான் மேல். மெஷினில் எடுத்த செல்லோடு டி-செல் என்ற எதிர்ப்புச் செல் பல மடங்கு அதிகமாக வரும். வந்த செல் உடம்பையே தாக்கும் ஜி.வி.எச்.டி. நாள்பட்டுத் தொடரும் ஆபத்து அதில் கூடுதல். புற்றுநோயிலாவது, மிச்சமிருக்கும் புற்றுச் செல்லையும் தாக்கும் என்பதால், அந்தத் தாக்குதலால் கொஞ்சம் லாபம் உண்டு. தலசீமியாவில் ஒரு லாபமும் கிடையாது. என் பார்வையில், சிறு குழந்தை கொடுப்பதென்றால் இடுப்பெலும்புதான் சரி.

கொடுக்கும் குழந்தைக்கு யார்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கொடுக்கும் குழந்தைக்காகப் பேச மாற்றுக் குழுவில் இல்லாத தனி ஆள் வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில், தானே சம்மதிக்கும் பக்குவம் வராத குழந்தையென்றால் மனிதத் திசு ஆணையத்தின் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. இங்கேயும் ஒன்று கேட்டுப் பெறுங்கள்: மூத்தவனைப் பார்க்கும் டாக்டரே இளையவளின் தகுதியையும் முடிவுசெய்ய வேண்டாம். வேறொரு குழந்தை மருத்துவர் பார்க்கட்டும். அவள் உடம்புக்கு ஆகாது என்று அவர் சொன்னால், அடுத்தது பாதிப் பொருத்தப் பெற்றோர்தான்.

அவளிடமும் சொல்லுங்கள். ஒரு சிறுமி முந்தின நாள் இரவு தன் அம்மாவிடம், "எல்லா ரத்தத்தையும் எடுத்துட்டா நான் செத்துடுவேனாம்மா?" என்று கேட்டாளாம். கொஞ்சம்தான் எடுப்பார்கள், சில வாரத்தில் உடம்பே ஊறவைத்துக்கொள்ளும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. "உன்னாலதான் அண்ணன் பிழைக்கணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாற்று பலிக்காவிட்டால் அந்தப் பழியைக் குழந்தை தன் தலையில் போட்டுக்கொள்ளும்.

மாற்றுக்குப் பிறகு அம்மாவோ அப்பாவோ பல வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருப்பார்கள். கொடுத்த குழந்தை பாட்டி வீட்டில் இருக்கும். இரும்புச்சத்து மருந்தும், ஒரு மாதம் கழித்து எடுக்க வேண்டிய ஹீமோகுளோபின் டெஸ்டும் விட்டுப்போவது அப்போதுதான். டிஸ்சார்ஜ் அன்றே தேதியை வாங்கி, கூட்டிப்போகும் பொறுப்பைச் சித்தியிடமோ தாத்தாவிடமோ பேர் சொல்லி ஒப்படையுங்கள்.