பணக்காரப் புறநகரின் வருமானத்தை அளக்க டேட்டா.சென்சஸ்.கவ் போதுமா?

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இந்த இலவசத் தளம், ஓர் ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை அருமையாகக் காட்டும். எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டால், ஊர் பணக்கார ஊராக ஆக ஆகத் தடுமாறும். ஆப்பிள் தலைமையகம் இருக்கும் கலிஃபோர்னியாவின் குப்பர்டினோ இதற்கு நல்ல சோதனைக்களம்.

யார் என்ற கேள்விக்குப் பத்தாண்டுக் கணக்கெடுப்பே போதும்: ஆசியர் பங்கு 2000இல் 44 சதவீதம், 2010இல் 63 சதவீதம். இந்தியர், சீனர் என்று பிரித்துப் பார்க்க பி02015 (B02015) அட்டவணை. (டிராக்ட், அதாவது ஊரைப் பிரித்த சிறு கணக்கெடுப்புப் பகுதி, அளவில் தமிழ் பேசுவோர் தனியாக வரமாட்டார்கள்; ‘பிற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்’ என்ற தொகுப்பில் கரைந்துவிடுகிறோம்.)

வருமானத்துக்கு வழக்கமாக எடுப்பது பி19013, அதாவது இடைநிலை வருமானம்: வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் தொகை. இது வருவது அமெரிக்க சமூக ஆய்வு என்ற தொடர் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து. அதன் ஓராண்டு மதிப்பீடு முழுமையாகக் கிடைக்க ஊரில் 65,000 பேர் வேண்டும். 2020இல் குப்பர்டினோவில் 60,381 பேர்தான். எனவே ஐந்து ஆண்டுத் தரவைச் சேர்த்துத் தரும் ஐந்தாண்டு மதிப்பீடுதான் வழி. அதிலும் 2018–22ஐ 2019–23உடன் ஒப்பிடுவது வீண். நான்கு ஆண்டுகள் இரண்டிலும் பொது. 2009–13, 2014–18, 2019–23 என்று எடுங்கள். பழைய தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவும் வேண்டும்: உதாரணமாக, 1999 டாலரை 2023க்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.83ஆல் பெருக்க வேண்டும். அப்படிச் செய்தால் அன்றைய ஒரு லட்சம் இன்றைய 1,83,000 ஆகிறது. ‘வருமானம் இரட்டித்தது’ என்ற பேச்சின் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும்.

பெரிய குறை உச்சவரம்பு. இடைநிலை 2,50,000 டாலரைத் தாண்டினால் தளம் ‘250,000+’ என்று மட்டும் போடும், பிழை வரம்பு (மதிப்பீடு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற அளவு) இருக்கும் இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகள். எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு சராசரியில் சேர்க்காது. பணக்கார டிராக்டுகளே கணக்கிலிருந்து நழுவும். வருமான அடுக்குகளைத் தரும் பி19001இலும் கடைசி அடுக்கு ‘2,00,000க்கு மேல்’. குப்பர்டினோவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் அந்த ஒரே அடுக்கில் விழுகின்றன!

இதற்கு மாற்று உண்டு. பி19025இல் வரும் மொத்த வருமானத்தை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உச்சவரம்பு இல்லாத சராசரி கிடைக்கும். பங்கு, வீடு விற்ற லாபம் இதில் சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பி19049ஐத் தவறவிடாதீர்கள். குடும்பத் தலைவரின் வயதுவாரியாக இடைநிலையைத் தருவது இது. கலிஃபோர்னியாவில் 1978இன் 13ஆம் முன்மொழிவு என்ற சட்டம், வீடு கைமாறாத வரை சொத்துவரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் தடுக்கிறது. அதனால் ஓய்வூதியத்தில் வாழும் பழைய உரிமையாளர் ஒரு பக்கமும், இரண்டு பொறியாளர் சம்பளம் வரும் வீடு அடுத்த பக்கமும் இருக்கலாம். ஒற்றை இடைநிலை இந்தப் பிளவை மறைத்துவிடும்.

எண் உண்மையிலேயே மாறியதா என்று பார்க்க, இரு பிழை வரம்புகளையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். வித்தியாசம் அதைவிடக் குறைவென்றால் ‘உயர்ந்தது’ என்று எழுதாதீர்கள். டிராக்ட் அளவில் இது அடிக்கடி நடக்கும். 2016–20 தொகுப்பிலிருந்து 2020இன் டிராக்ட் எல்லைகள் என்பதால், பழையதோடு ஒப்பிட மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் என்எச்ஜிஐஎஸ் தரவுத்தளம் தரும், பழைய எல்லைகளைப் புதியவற்றோடு பொருத்தும் இணைப்புக் கோப்பு தேவைப்படும். வீடு, ஆள் எண்ணிக்கைகளை அதை வைத்துப் பங்கிடலாம். இடைநிலையைப் பங்கிட முடியாது.