எலிப் பொறி என்று சொல்லி 23,600 ரூபாய் பறித்துவிட்டார்கள், வயல் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நான் புகார் கொடுத்த ஆன்லைன் தளத்திடமிருந்து இன்று காலை ஒன்பது மணிக்குக் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." என்ன முடித்தார்கள், யாரைக் கேட்டு முடித்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஏழு வாரமாக நான் அலைந்ததற்கு இந்த ஒரு வரிதான் பதில். போனது 23,600 ரூபாய். சாப்பிடக்கூட மனசு வரவில்லை, அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்குத் திருவாரூர் மாவட்டத்தில் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம் நிலம். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், சாகுபடி முழுக்க என் பொறுப்பு. இந்த வருஷம் சம்பாவுக்கு சி.ஆர். 1009 என்ற நெல் ரகம் நட்டோம். நவம்பர் கடைசியில் பொதி கட்டும் (கதிர் தண்டுக்குள் திரளும்) நேரம் பார்த்து எலி இறங்கிவிட்டது. வடக்கு வரப்பை ஒட்டி விடிகாலையில் போய்ப் பார்த்தால் தூர் தூராகச் சாய்ந்து கிடக்கும். அரிவாளால் சாய்வாக அறுத்த மாதிரி வெட்டு. வரப்பில் ஏழெட்டு இடத்தில் புதுமண் குவியல். வளையின் வாயைப் பொலபொல மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும், அந்த மாதிரி எலி. கதிர் முற்றினால் அறுத்து வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தும் வைக்கும்.

மருந்து வைக்க எனக்கு இஷ்டமில்லை. போன வருஷம் பக்கத்து வயலில் ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி விஷம் கலந்த பொரி வைத்தார்கள். எங்கள் நாய் மணி அன்று இரவே வாயில் நுரை தள்ளி வைக்கோல் போருக்கு அடியில் செத்துக் கிடந்தது. செத்த எலியைத் தின்றதா, பொரியையே தின்றதா தெரியவில்லை. அதனால் விஷம் இல்லாமல் எலி பிடிக்க வழி இருக்கிறதா என்று போனில் தேடினேன். பொருளும் விற்கிற, வேலைக்கு ஆளும் அனுப்புகிற ஓர் ஆன்லைன் தளம் கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை, புகார் இன்னும் நடக்கப்போகிறது. "விஷமில்லா அகழெலிப் பொறி, தொழில்முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் பயன்படுத்துவது" என்று போட்டிருந்தது. மண்ணை அகழும் எலி என்றால் எங்கள் வரப்பு எலிதானே என்று நினைத்தேன். மண் குவியல் படமும் அப்படியே எங்கள் வரப்பில் இருக்கிற மாதிரியே இருந்தது.

மறுநாளே ஒரு டெக்னீஷியன் வந்தான். முப்பது வயசு இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினான். வரப்பில் குந்தி உட்கார்ந்து, குவியலில் இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நேத்து ராத்திரி தள்ளின மண்ணு, உள்ளதான் இருக்குது" என்றான். சரியாகச் சொன்னான். "மருந்து மட்டும் வச்சிடாதீங்க, ஆந்தையும் நாயும் சேர்ந்து போயிடும்" என்றும் சொன்னான். நான் மணியைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. டீ குடித்தான். பெட்ரோலுக்கு என்று இருநூறு ரூபாய் நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பார்க்க வர்றதுக்கெல்லாம் காசு வாங்கக்கூடாதுக்கா" என்றான். அந்த இருநூறு ரூபாயை அவன் வாங்காததுதான் என்னை விழுங்கிவிட்டது. அதற்கப்புறம் அவன் சொன்ன எதையும் நான் திருப்பிக் கேட்கவே இல்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டி "லைசன்ஸ் இருக்கு" என்றான். அட்டையில் நம்பர் இருந்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை.

கணக்கு இது. பன்னிரண்டு பொறி 11,400. சோலாரில் அதிரும் விரட்டுக் குச்சி நாலு 5,600. பொருத்திக் கொடுக்க 3,000. மொத்தம் 20,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,600. ஆக 23,600 ரூபாய். தளத்தில் ஆர்டர் போட்டு வைத்திருந்தேன். "அதைக் கேன்சல் பண்ணிடுங்கக்கா, அவங்க கமிஷன் பிடிப்பாங்க, என் நம்பருக்கே போட்டுடுங்க, கூடவே ஒரு வருஷ சர்வீஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்றான். வரப்பிலேயே நின்று போட்டேன். பில் என்று ஒரு தாள் கொடுத்தான். அதில் ஜிஎஸ்டி 3,600 என்று இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை. இதை நான் கவனித்தது மூன்று வாரம் கழித்து.

பொறி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், யாராவது கொண்டுவந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியட்டும். குழாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்த மாதிரி ஒரு தகடு, ஒரு சாண் நீளம். இரண்டு முனையிலும் ஸ்பிரிங்கும் கம்பி வளையமும். உள்ளே தொங்குகிற நாக்கைத் தட்டினால் வளையம் மேலே இழுக்கும். இதை வளைக்குள் புதைத்து மேலே மண் போட்டு மூடினான். விரட்டுக் குச்சிகளையும் அதே வரப்பிலேயே பத்தடிக்கு ஒன்றாக நட்டான். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை 'உம்ம்' என்று ஒரு சத்தம். விரட்டுகிற குச்சியும் பிடிக்கிற பொறியும் ஒரே இடத்தில் எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எலி ஓடிப்போனால் பொறியில் யார் விழுவது?

பதினொரு ராத்திரி. ஒரு எலிகூட விழவில்லை. மூன்று பொறிக்கு முன்னால் மண்ணைத் தள்ளி அடைத்துவிட்டுப் பக்கத்திலேயே வேறு வழி தோண்டிப் போயிருந்தது. ஒன்றில் நண்டு. ஆறாவது நாள் இன்னொன்றைத் தோண்டினால் இளம் சாரைப்பாம்பு ஒன்று வளையத்தில் நசுங்கிக் கிடந்தது. இரண்டடிகூட இருக்காது. எலியைத் தேடி வளைக்குள் போன பாம்பு. எங்கள் வயலில் எனக்காக எலி பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஜீவனையும் காசு கொடுத்து நானே கொன்றிருக்கிறேன். அதைக் கையில் எடுத்தபோது வந்த அழுகை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பதினோராவது நாள் பொறி வந்த பெட்டியை எடுத்துச் சரியாகப் பார்த்தேன். அதில் இருந்த படம் எலியே இல்லை. கருப்பு வெல்வெட் மாதிரி ரோமம், கண் இருக்கிற இடமே தெரியவில்லை, மண்வெட்டி மாதிரி அகலமான முன்கை. பெட்டியை எடுத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே இருந்த அம்மா பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "இதை இங்கிலீஷ்ல மோல்னு சொல்வாங்க. இது நம்ம ஊர்லயே கிடையாதும்மா."

அவர் பொறுமையாக விளக்கியதை நானும் சொல்கிறேன். மோல் என்பது எலி இனமே இல்லை. இங்கிலாந்து மாதிரி நாடுகளில் புல்வெளிக்கு அடியில் வாழ்கிறது. நெல்லைத் தொடாது, மண்புழுதான் சாப்பாடு. நூறு கிராம் சுமார்தான் எடை. புழு தேடி ஒரே சுரங்கப் பாதையில் தினமும் பல தடவை போய் வரும், அதனால் அந்தப் பாதையில் இரையே இல்லாமல் பொறியை வைத்தாலும் வந்து முட்டி மாட்டிக்கொள்ளும். பிரிட்டனில் மோலுக்கு ஸ்ட்ரிக்னின் விஷம் வைப்பதை 2006இல் தடை செய்துவிட்டார்கள், அதற்கப்புறம் அங்கே தொழில்காரர்கள் பெரும்பாலும் இந்த மாதிரிப் பொறியைத்தான் நம்புகிறார்கள். அங்கே இது நல்ல பொறிதான். நம் வரப்பு எலி மோலைப் போல இரண்டு மூன்று மடங்கு எடை, வளை அகலம், தின்பது தானியம், ராத்திரி வெளியே வந்து மேய்ந்துவிட்டுத் திரும்பும். மண் குவியல் மட்டும்தான் ஒரே மாதிரி. அந்த ஒரு ஒற்றுமையை வைத்து என்னிடம் விற்றுவிட்டார்கள்.

குச்சி விஷயத்தை என் அக்கா பையன் தேடிச் சொன்னான். நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலி, பூச்சி விரட்டுகிறோம் என்று விற்ற 60க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும், அறிவியல் ஆதாரம் இல்லாமல் அப்படிச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2001லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறதாம். அதே மாதிரிக் கதையைத்தான் இத்தனை வருஷம் கழித்து என் வரப்பில் நட்டு 5,600 ரூபாய் வாங்கிப் போனார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். முதல் வாரம் போன் எடுத்தான். "எலி பழகணும்க்கா, பதினைந்து நாள் பொறுங்க." பதினைந்து நாள் ஆனதும், "ஈரம் ஜாஸ்தி, அதான் நாக்கு வேலை செய்யல." டெல்டாவில் டிசம்பரில் வயல் ஈரமில்லாமல் எப்படி இருக்கும்? பெட்டிப் படத்தைப் பற்றிக் கேட்ட அன்றைக்குத்தான் குரல் மாறியது. "வீட்ல ஆம்பளைங்க இருந்தா போனைக் குடுங்கக்கா, உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றான். பணம் வாங்கும்போது ஆம்பளை தேவைப்படவில்லை. மறுநாள் முதல் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. அப்புறம் அதுவும் விழவில்லை.

தளத்தின் கஸ்டமர் கேருக்கு ஒன்பது தடவை பேசினேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். ஒருத்தர் ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது என்றார். இன்னொருத்தர் மண் பட்ட பொருளை எடுக்க மாட்டோம் என்றார். மண்ணில் புதைக்கிற பொருள் அது! கடைசியில் ஒரு பெண், "மேடம், உங்க ஆர்டரை நீங்களே கேன்சல் பண்ணியிருக்கீங்க, எங்க சிஸ்டத்துல நீங்க எதுவுமே வாங்கல" என்றது. ஆள் அனுப்பியது அவர்கள். அவன் சட்டையில் இருந்தது அவர்கள் முத்திரை. 23,600 ரூபாய்க்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. இன்று காலை புகாரையும் முடித்து வைத்துவிட்டார்கள்.

டிசம்பர் நடுவில் வேறு வழியில்லாமல் கிட்டிக்காரப் பெரியவரைத் தேடிப் போனேன். தஞ்சாவூர்க் கிட்டி என்று எல்லோரும் சொல்வோமே, மூங்கிலை வில்லாக வளைத்து நூல் கட்டி வைப்பது, அதுதான். எலி இரைக்குத் தலையை நீட்டினால் கழுத்தில் விழும். சாயங்காலம் நாற்பது கிட்டி வைத்தார், விடிவதற்குள் வந்து எடுத்தார். முதல் ராத்திரியே பதினேழு எலி. மூன்று ராத்திரியில் நாற்பத்தொன்று. எலிக்கு 45 ரூபாய், மொத்தம் 1,845. விழுந்தால்தான் காசு, விழாத கிட்டிக்கு அவர் ஒரு பைசா கேட்கவில்லை. கிட்டியை எங்கே வைப்பது என்று பார்க்க அவர் வரப்பில் நடந்தபோது அந்த இரும்புப் பொறி ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுல இரை எங்கம்மா வைக்கிறது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அதில் இரை வைக்க இடமே கிடையாது. நம் எலி இரைக்கு வருகிற எலி. அவர் அரை நிமிஷத்தில் கேட்டதை நான் 23,600 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் கேட்கவில்லை. அதற்குள் வடக்குப் பக்கம் ஒரு மாவுக்கு மேல் போய்விட்டது. அந்த நெல் இந்த 23,600இல் சேராது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், அவர் இன்று தெற்கு வரப்புக்கு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார், மணி நாலாகிவிட்டது. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். தளத்தில் போட்ட ஆர்டரை யார் சொன்னாலும் கேன்சல் செய்யாதீர்கள், தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீர்கள். பெட்டியில் இருக்கிற படத்தில் எந்த மிருகம் என்று பாருங்கள். மருந்து அடிக்கிற தொழில்காரர்களுக்கு 1971 பூச்சிக்கொல்லி விதிகளின்படி உரிமம் வேண்டும், அதற்குப் படிப்பும் 15 நாள் பயிற்சியும் கேட்கிறார்கள், ஆகவே அட்டையைக் காட்டினால் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி வாங்கினால் பில்லில் ஜிஎஸ்டி எண் கேளுங்கள். 2020 மின்வணிக விதிப்படி தளம் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், இதை எழுத்தில் கேளுங்கள். நான் போனிலேயே பேசிப் பேசி ஏமாந்தேன். நுகர்வோர் உதவி எண் 1915, நான் நாளைக் காலை அதில்தான் பேசப்போகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது என்கிறார்கள், அங்கேயும் போவேன். இதே ஆளிடம் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே வழக்குப் போடலாம்.

பெரியவர் வாசலில் கூப்பிடுகிறார். பொறி பன்னிரண்டும் திண்ணையில் சாக்கில் கட்டிக் கிடக்கிறது, ஆணையத்தில் காட்ட வேண்டும் என்று தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.