பேனலுக்கு நாலரை, பேப்பருக்கு இரண்டு: எங்கள் மாடியில் சோலார் போட்ட கம்பெனி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டுக் கொடுத்த கம்பெனியைப் பற்றி எழுதுகிறேன். மாடியில் நடந்த வேலைக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண். பேப்பருக்கு, அதாவது கொட்டேஷன், ஒப்பந்தம், விண்ணப்பம் இவற்றுக்கு, இரண்டு. அந்த இரண்டும்கூட, கேட்டதும் முகம் சுளிக்காமல் திருத்தினார்கள் என்பதற்காகப் போட்டது. பெயரை எழுதவில்லை. இந்தக் குறைகள் அந்தத் தொழிலில் பல பேரிடம் இருப்பவை. இவர்களை மட்டும் தெருவில் நிறுத்துவது நியாயமில்லை.

நான் வக்கீல் குமாஸ்தா. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் தொகையைப் பார்ப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தைப் பார்த்துப் பழகிவிட்டது. அதனால் இந்த விமர்சனத்தில் பேனல் எந்த பிராண்டு, எத்தனை வாட் என்பதெல்லாம் குறைவாகத்தான் வரும். அதற்கு நிறைய பேர் இருக்கிறார்கள்.

முதலில் நோட்டீஸ். "3 கிலோவாட் வெறும் 1,02,000 ரூபாய்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உண்மை விலை 1,80,000. அதில் மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்ட மானியம் 78,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, வரியையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு வரும். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான். ஆனால் அந்தப் பணம் கம்பெனிக்குப் போகாது. எல்லாம் முடிந்து, மீட்டர் மாட்டி, திட்டத்தின் இணையதளமான போர்ட்டலில் விவரம் ஏறிய பிறகு நம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையும் நம் கையிலிருந்தோ கடனிலிருந்தோதான் போக வேண்டும். விற்க வந்த தம்பியிடம் கேட்டேன். "ஆமா அண்ணாச்சி, எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்றார். பொய் சொல்லவில்லை, அந்த வகையில் சரி.

அடுத்தது வரி. கொட்டேஷனில் 1,80,000க்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு 32,400 என்று இருந்தது. சோலார் அமைப்பைப் பொருளும் நிறுவும் வேலையும் சேர்த்து விற்கும்போது 70 சதவீதத்தைப் பொருள் என்றும் 30 சதவீதத்தைச் சேவை என்றும் பிரிக்க வேண்டும் என்பது விதி. பொருளுக்கான வரி 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். சேவைக்குத்தான் 18. அப்படிக் கணக்குப் போட்டால் 6,300 கூட்டல் 9,720, மொத்தம் 16,020 ரூபாய். வித்தியாசம் 16,380. ஒரு குடும்பத்தின் தீபாவளிச் செலவு. கொட்டேஷனின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன். தம்பி போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, "அக்கவுண்ட்ஸ்ல பழைய ஃபார்மட் அண்ணாச்சி" என்றார். பழைய ஃபார்மட்டிலும் 18 வராது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒப்பந்தம்தான் எனக்குத் தீனி. இவர்கள் இரண்டு காகிதத்தில் கையெழுத்து கேட்டார்கள். ஒன்று அரசு போர்ட்டலுக்கான மாதிரி ஒப்பந்தம். அதில் ஐந்து வருடப் பராமரிப்பு விற்பவர் பொறுப்பு என்று தெளிவாக இருக்கிறது. இன்னொன்று கம்பெனியின் சொந்த ஒப்பந்தம். அதில் "முதல் ஆண்டு இலவச சர்வீஸ், பிறகு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்". ஒரே வேலைக்கு, ஒரே நாளில், ஒன்றை ஒன்று அடிக்கிற இரண்டு காகிதம். நாளைக்குத் தகராறு என்று வந்தால் கம்பெனி எதை எடுத்து நீட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. சொந்த ஒப்பந்தத்தில் அந்த வரியை அடித்து, இரண்டு பேரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டோம்.

அதைவிட மோசமான வரி ஒன்று: "கையிருப்பைப் பொறுத்து இணையான வேறு பேனல் பொருத்தக் கம்பெனிக்கு உரிமை உண்டு." சாதாரணமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். டிசிஆர் பேனல் என்கிறார்கள். வெளிநாட்டு செல் போட்டு இங்கே ஒட்டிய பேனலும் கடையில் கிடைக்கிறது, விலை குறைவு. வாட் கணக்கில் அது "இணையான" பேனல்தான். மானியம் மட்டும் வராது. "டிசிஆர் அல்லாத பேனல் காரணமாக மானியம் மறுக்கப்பட்டால் அந்தத் தொகையைக் கம்பெனி தர வேண்டும்" என்று கையால் எழுதிச் சேர்க்கச் சொன்னேன். இதற்கு மட்டும் மேலாளரே நேரில் வந்தார். காபி சாப்பிட்டார், எழுதிக் கொடுத்தார். அங்கேதான் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது.

கடைசிப் பக்கத்தில் வழக்கமான ஒன்று: தகராறு என்றால் நீதிமன்றத்துக்குப் போகாமல் தனி நடுவர் ஒருவரின் தீர்ப்பு, அதுவும் கம்பெனியின் தலைமையிடம் இருக்கிற ஊரில் மட்டும். இதை நான் தொடவே இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது; இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். நடுவர் விதி இருப்பதால் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில், எமார் எம்ஜிஎஃப் வழக்கில், சொல்லிவிட்டது. வீடு வாங்கியவர் போட்ட வழக்கு அது. சோலார் வாங்கியவருக்கும் அதே நியாயம்தான்.

அப்புறம் வேலை. இதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் மாடி பழைய தட்டோடு பதித்தது. துளை போட்டால் அடுத்த மழைக்கு ஒழுகும். வந்த பையன்கள் டிரில்லை வெளியே எடுக்கவே இல்லை. கான்கிரீட் கட்டைகளை வைத்து, அதன்மேல் கால்களை நிறுத்தி, போல்ட் ஒவ்வொன்றையும் முடுக்கிய பிறகு சிவப்பு மார்க்கரில் ஒரு கோடு போட்டார்கள். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிவிடுமாம். திட்டத்தின் விதிப்படி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும்படி பேனலைத் தாங்கும் சட்டகம் இருக்க வேண்டும். எர்த் குழி மூன்று: பேனல் பக்கத்து டிசி கரண்டுக்கு ஒன்று, வீட்டுப் பக்கத்து ஏசி கரண்டுக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. பக்கத்துத் தெருவில் வேறு ஒருவர் மூன்றையும் ஒரே குழியில் இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். மதியம் சாப்பாடு கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். இதற்கு மதிப்பெண் போட இடம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நெட் மீட்டரில், அதாவது நாம் லைனுக்குக் கொடுக்கும் கரண்டையும் லைனிலிருந்து எடுப்பதையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டரில், மறுபடியும் பேப்பர் தகராறு. "மூணு மாசம் ஆகும், அது எங்க கையில இல்ல" என்றார்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் திருத்தம் வந்திருக்கிறது. 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வே வேண்டாம், விண்ணப்பித்தாலே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். தேவைப்பட்டால் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் விநியோக நிறுவனமே உயர்த்திக் கொடுக்க வேண்டும். 5 கிலோவாட் வரை, அந்தப் பகுதியில் லைனை வலுப்படுத்த வேண்டுமென்றால் அதுவும் அவர்கள் செலவு. வேலை முடிந்து விவரம் கொடுத்த பிறகு இயக்கி வைக்க முன்பு 30 நாள், இப்போது 15 நாள். அந்த 15 நாள் எப்போது தொடங்குகிறது என்று பார்க்கலாம் என்று போர்ட்டலைத் திறந்தால், வேலை முடிந்த விவரத்தைக் கம்பெனி ஏற்றவே இல்லை. லஞ்சம் கேட்பார்கள், இழுத்தடிப்பார்கள் என்று மின்வாரியத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இவர்கள் சும்மா இருந்திருக்கிறார்கள். ஏற்றிய பிறகு பொறியாளர் வந்தார், பார்த்தார், மீட்டர் மாறியது. பேப்பருக்கு மதிப்பெண் குறைந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் இணைப்பு காலமான என் அப்பா பெயரில் இருந்தது. விண்ணப்பதாரர் பெயரும் மின் இணைப்பின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் மானியம் சிக்கலில்லாமல் வரும். நான் வாரிசுச் சான்றிதழ் வைத்துப் பெயர் மாற்றிவிட்டுத்தான் இவர்களையே கூப்பிட்டேன். ஆனால் விற்க வருகிறவர்கள் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டியது இது. கேட்கவில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியாத வீடாக இருந்தால் முன்பணம் கொடுத்த பிறகு முழிக்க வேண்டியதுதான்.

"பில் ஜீரோ" என்று சொன்னதையும் கணக்கில் சேர்க்கிறேன். முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட்டுக்கு மேல் ஓடி மூவாயிரத்தைத் தாண்டும். இப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் மாடியிலிருந்து வருகிறது, பில் வெகுவாக இறங்கிவிட்டது. ஆனால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 உத்தரவில் கூரை சோலாருக்கு நெட்வொர்க் கட்டணம், அதாவது வாரியத்தின் லைனைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், என்று ஒன்று இருக்கிறது.  இது இருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் யாரும் ஓடிப்போக மாட்டார்கள்.

கரண்ட் போன அன்று என் மனைவிக்குத்தான் கோபம். உச்சி வெயில், மாடியில் பேனல் ஜொலிக்கிறது, கீழே ஃபேன் நிற்கிறது. "என்னங்க இது, இதுக்கா ரெண்டு லட்சம்?" கம்பெனிக்குப் போன் போட்டபோது சர்வீஸ் பையன் பொறுமையாக அவளிடமே விளக்கினான்: "அம்மா, லைன்ல கரண்ட் இல்லைன்னா இன்வெர்ட்டர் தானா நின்னுடும். இல்லைன்னா நம்ம வீட்டு கரண்ட் கம்பிக்குப் போயி, மேல ஏறி வேலை பாக்கிற லைன்மேன் உயிருக்கே ஆபத்து." பாதுகாப்புக்காகக் கட்டாயமாக்கிய ஏற்பாடு. பேட்டரி வைத்த வகை வேறு, விலையும் வேறு. விற்கும்போதே சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தப் பையன் சொன்ன விதத்துக்கு அரை மதிப்பெண் கூட்டினேன்.

மேற்குப் பக்கத்து மனை காலியாக இருக்கிறது. நாளை அங்கே மூன்று மாடி எழும்பினால் மாலை வெயில் போச்சு. கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தை அடுத்தவர் மறைக்கக் கூடாது என்று உரிமை கொண்டாட, வசதியுரிமைச் சட்டம் 1882 இருபது வருடம் தடையில்லாத அனுபவம் கேட்கிறது. நேற்று வைத்த பேனலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. கம்பெனி பேனல்களைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி வைத்தது. அதைக் கேட்காமலே செய்தார்கள்.

பேனல்களின் வரிசை எண்களை பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்கியிருக்கிறேன். 25 வருட வாரண்டிக்கு மட்டும் இல்லை. 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது, பொறுப்பு தயாரிப்பாளருடையது. உடைந்த பேனலைக் காயலான் கடையில் போடுகிற சரக்கு இல்லை என்று ஆகிவிட்டது. தயாரித்தது யார் என்று காட்டக் கையில் காகிதம் வேண்டும்.

வண்ணார்பேட்டையில் இருக்கும் என் மைத்துனர் இதையெல்லாம் பார்த்துவிட்டு அதே கம்பெனியைக் கூப்பிட்டார். திருத்திய என் ஒப்பந்தத்தின் ஜெராக்ஸையும் கொடுத்து அனுப்பினேன். அவருக்கு வந்த கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மறுபடியும் 18 சதவீதம்.