இன்ஜின் கழுவ உரக்கடைக் கைப்பம்ப்: வாங்கலாமா?

என்னுடையது பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட். தூத்துக்குடியில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்தால் வெறும் தூசி மட்டும் இருக்காது. உப்பளக் காற்றில் வரும் உப்பும் துறைமுகப் பக்கத்து நிலக்கரித் தூளும் கசிந்த எண்ணெயோடு சேர்ந்து கறுப்புப் பசையாக அப்பிக்கிடக்கும். வாட்டர் சர்வீஸில் விட்டால் பிரஷரில் சீறியடித்துக் கொஞ்ச நேரத்தில் பளபளப்பாக்கித் தந்துவிடுவார்கள். சில இடங்களில் டீசலும் தெளிப்பார்கள்.

எனக்கு இரண்டும் ஒத்துவராது. இந்த இன்ஜினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் தலையிலும், அதற்குப் பொறி கொடுக்கும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. பிரஷர் தண்ணீர் அதன் ரப்பரைத் தாண்டிப் பிளக் குழிக்குள் இறங்கிவிட்டால் வண்டி மிஸ்ஃபயர் ஆகி விட்டுவிட்டு ஓடும், இன்ஜின் லைட் எரியும். டீசல் ரப்பர் ஹோஸ்களை உப்பவைக்கும். அதன் படலத்தில் அடுத்த வாரத் தூசி இன்னும் நன்றாக ஒட்டும். சூடான சைலன்சர் குழாய் பக்கத்தில் எண்ணெய் தெளிப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை விளக்க வேண்டாம். போதாக்குறைக்கு எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதைக் கொண்டு கழுவினால் ஒயர் இணையும் கனெக்டர்களில் உப்பைத் தடவிவிட்ட மாதிரிதான்.

ஆக வேண்டியது கொஞ்சம் நல்ல தண்ணீர், அதையும் மெதுவாகத் தெளிக்க ஒரு கருவி. அதற்குத்தான் உரக்கடையில் செடிக்கு மருந்தடிக்க விற்கும் இரண்டு லிட்டர் கைப்பம்ப். கம்பெனிப் பெயர் எதுவும் அதில் இல்லை. விலை முந்நூறு ரூபாய்க்குள். "என்ன அண்ணாச்சி, செடிக்கா?" என்றார் கடைக்காரர். காருக்கு என்றதும் சிரித்துவிட்டு, பித்தளை மூக்கு வைத்ததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அந்த மூக்குதான் இதில் விசேஷம். இறுக்கினால் பனி மாதிரித் தூவும், தளர்த்தினால் நூல் மாதிரிப் பீய்ச்சும். பிளாஸ்டிக் மூக்கு வைத்தவை நடுவில் நிற்காமல் ஒன்று சொட்டும், இல்லாவிட்டால் பாயும். நான் எப்போதும் தூவலிலேயே வைத்திருப்பேன். கைப்பம்பின் அழுத்தம் கனெக்டருக்குள் தண்ணீரைத் தள்ளும் அளவுக்குக் கிடையாது. இன்ஜின் முழுவதையும் அலச ஒன்றரை லிட்டர் போதும். அதற்கு வல்லநாட்டில் தாமிரபரணியிலிருந்து எடுத்து மாநகராட்சிக் குழாயில் விடும் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வேன். தாமிரபரணித் தண்ணீரைக் காருக்கா ஊற்றுவது என்று வீட்டில் ஒரு முறைப்பு உண்டு. ஒன்றரை லிட்டர் என்பதால் அது முறைப்போடு நின்றுவிடுகிறது.

குறையும் இருக்கிறது. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் சீக்கிரம் காய்ந்து காற்று விடும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டீகிரீசரையும் இதே பம்பில்தான் அடிப்பேன்; அதை உள்ளேயே விட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி ஒரு தடவை அடித்துவிட வேண்டும். மூடியைத் திறக்கும் முன் பக்கத்தில் உள்ள வால்வை இழுத்துக் காற்றை வெளியேற்ற மறக்கக் கூடாது, இல்லையென்றால் முகத்தில் அடிக்கும். கைப்பிடியும் சின்னது. பெரிய கை உள்ளவர்களுக்குப் பத்து நிமிடத்தில் விரல் வலிக்கும்.

டீகிரீசர் விஷயத்தில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. தண்ணீரில் கரையும் வகை எதுவானாலும் சரி. ஆனால் காரம் அதிகமானவை அலுமினியத்தை வெளுக்க வைக்கும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். நான் வாங்கிய பாட்டிலில் இந்த எச்சரிக்கை தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் எறும்பு எழுத்தில்தான் இருந்தது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜின் மேல் கை வைத்தால் சூடு தெரியாத வரை காத்திருங்கள். சூட்டில் அடித்தால் டீகிரீசர் காய்ந்து திட்டாகிவிடும். முதல் வேலை உலர்ந்த பிரஷ். வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கும், எலி கூடு கட்டியிருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய், காயில்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும். கடையில் விற்கும் கவர் தேவையில்லை. அலசிக் காயவைத்த பால் பாக்கெட் கவரும் ரப்பர் பேண்டும் காயிலுக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தும்.

கீழிருந்து மேலாக டீகிரீசர், மூன்று நான்கு நிமிட ஊறல், பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேய்ப்பு. பிரஷ்ஷின் தகரப் பட்டையில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். பெல்ட் மேல் எதுவும் படக் கூடாது. பிறகு தூவல் தண்ணீர், ஈரத் துணி, உலர்ந்த துணி. கீழே பழைய சாக்கு விரித்து வைத்தால் எண்ணெய்த் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. கவர்களைப் பிரித்து, பானெட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் காயவிட்டு, அப்புறம் டெர்மினலை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். கடைசியில் அடிக்கும் சிலிக்கான் ஷைன் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். இந்த ஊர்த் தூசிக்கு அது பசை.

எண்ணெய்க் கசிவு இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் காட்டப் போகிறீர்களா? அப்படியானால் கழுவாமல் கொண்டுபோங்கள். கறை எங்கே தொடங்குகிறது என்பதுதான் அவருக்கு அடையாளம். என் வண்டியில் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் கசிவதை அப்படித்தான் கண்டுபிடித்தார். பேக்கிங் மாற்றிய பிறகுதான் கைப்பம்பை எடுத்தேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறார். இதே பம்பைக் கேட்டார், கொடுக்கவில்லை. பானெட்டுக்குள் ஆரஞ்சு நிற ஒயர் ஓடினால் அது ஹை வோல்டேஜ். அங்கே ஈரத் துணியோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுவதுதான் சரி.

பம்புக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். வாங்கும்போதே கூடுதலாக இரண்டு வாஷர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் அந்தச் சைஸ் கிடைப்பதில்லை.